மேல் வீட்டு வாடகைக்காரர்

மாதத்தின் முதலாம் திகதி பின்னேரம், அஸர் தொழுகை முடிந்த கையோடு மர்சூக் வெளிப் படிக்கட்டால் இறங்கி, வீட்டின் முன்பக்கம் சுற்றிவந்து, திறந்து கிடக்கும் கதவைத் தட்டுவார். இஸ்திரி போட்ட சட்டை. பையில் நீட்டிக்கொண்டிருக்கும் கடித உறைக்குள் பதினைந்தாயிரம் ரூபாய். மகள் ஸுஹைனா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "உள்ளுக்கு வாங்களன், வாப்பா" என்பாள்.

"வீட்டுக்காரர் இரிக்காரா?"

"ஒவ்வொரு மாசமும் இதென்ன வாப்பா?"

"வாப்பா நாளைக்கி வருவாரு. இண்டைக்கி வந்திரிக்கிறது மேல் வீட்டு ஆள்."

வீட்டுக்காரர் என்பது மருமகன் றிஸ்லான். வங்கியொன்றில் கடன் பிரிவில் வேலை பார்க்கும் சாதுவான மனிதர். உறையை வாங்கும்போது அவருக்குக் காது சிவந்துவிடும்.

அந்த வீட்டைக் கட்டியதே மர்சூக்தான். காத்தான்குடியில் மகளுக்கு வீடு இல்லாமல் மாப்பிள்ளை கேட்டுப் போகிறவர் இல்லை. முப்பது வருடம் ஹாட்வெயார் கடை நடத்தி, ஊருக்கெல்லாம் சீமெந்து விற்று, மனைவி சித்தி நபீஸாவின் சீதன வளவில் மூத்தவள் ஸுஹைனாவுக்கு மேல்மாடியோடு ஒரு வீடு எழுப்பினார். இளையவள் சஹ்லாவுக்குப் பக்கத்துத் தெருவில் இன்னொன்று. இரண்டாவது வீட்டுக்கு ஓடு ஏறியபோது கடை சாலிஹ் என்பவரின் கைக்குப் போயிருந்தது. சஹ்லாவின் கல்யாணம் முடிந்த மறுநாள் மர்சூக்கிடம் மிஞ்சியவை ஒரு மோட்டார் சைக்கிளும், வங்கியில் கொஞ்சம் வைப்புப் பணமும், "இனி நாம எங்க படுக்கிற?" என்று கேட்ட மனைவியும்.

இரண்டு மகள்மாரும் கூப்பிட்டார்கள். அவர் சம்மதிக்கவில்லை. "மகள்ட வீட்டில சும்மா இரிந்தா, ஃபேன கூட்டவும் மருமகன்ட முகத்தப் பார்க்கணும்" என்றார். ஒரு வாரம் கழித்து, தெரிந்த நொத்தாரிசிடம் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு றிஸ்லான் முன்னால் வந்து நின்றார். மேல்மாடிக்கு மாதம் பதினைந்தாயிரம். திருத்த வேலைகள் வீட்டுக்காரர் பொறுப்பு. றிஸ்லான் பகிடி என்று நினைத்துக் கையெழுத்து வைத்தார்.

அந்தக் கையெழுத்தின் பாரம் போகப் போகத்தான் தெரிந்தது. குளியலறைச் சுவரில் ஈரம் என்றால் காலையில் மர்சூக் கீழே நிற்பார். தண்ணீர் மோட்டார் சத்தம் போட்டால் நிற்பார். ஒருநாள் கூரைக் கொங்கிரீட் ஒழுகத் தொடங்கியது. மழை வரப்போகிறதென்று அவசர அவசரமாக அதைப் போட்டு முடித்தவர் அவரேதான். எந்த மூலையில் சீமெந்து பிந்தி வந்தது என்பதுகூட அவருக்கு ஞாபகம்.

"இந்த வீட்டக் கட்டினவன் ஆரு மருமகன்? பச்சைக் களவு செஞ்சிரிக்கான்" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

"நீங்கதானே மாமா கட்டின."

"அப்ப வாங்கினவரு பார்த்து வாங்கியிரிக்கணும்."

பின்னேரங்களில் தேநீர்க் கடையில் அவருடைய பிரசங்கம் நடக்கும். கட்ட நினைக்கும் இளந்தாரிகள்தான் இரை. "ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. ரெண்டும் சேர்ந்து ஒங்கட கம்பியத் தின்னும். ரெண்டு வருசத்துக்கொருக்கா பெயின்ட். நகரசபைக்குச் சோலைவரி. மோட்டார். கட்டின காசோட நிண்ட வீடு ஒண்டு காட்டுங்க பார்ப்பம். வாடகைக்காரனுக்கு என்ன? மழை பெஞ்சா, அடுத்தவன்ட வீடுதான் ஒழுகுது." கடையை வாங்கிய சாலிஹ் ஒருநாள் நேரிலேயே வந்து, மூத்தவர் என்ற மரியாதை விடாமல் முறையிட்டார்: "காக்கா, கடையயும் எனக்கு வித்துப்போட்டு, சீமெந்து வாங்க வாறவனயும் திருப்பி அனுப்பினா நான் என்ன செய்யிற?"

போன வருடக் கடைசியில் றிஸ்லானின் பொறுமை தீர்ந்தது. வங்கிக்காரர் அல்லவா, கணக்கோடு வந்தார். நாலு வருட வாடகை ஏழு லட்சத்து இருபதாயிரம். கூரை ஒழுக்குக்கு மூன்று லட்சத்து எண்பது, பெயின்ட் இரண்டு லட்சத்துப் பத்து, மோட்டார் அறுபத்துநாலாயிரம், குழாயும் வரியுமாகத் தொண்ணூற்றைந்தாயிரம்.

"மாமா, ஒங்களுக்கு வாடகைக்கு விட்டதில எனக்கு இருபத்தொன்பதாயிரம் நட்டம்."

மர்சூக்கின் முகம் மலர்ந்துவிட்டது. "நான் சொன்னன்தானே, சொந்த வீடு நட்டமெண்டு. ஒருத்தரும் நம்பல்ல."

"அதுதான் மாமா, இனி வாடகை வேணாம். நீங்க சும்மா இரிங்க. வசதிப்படுற நேரம் திருத்துவம்."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. அவர் எழுந்து, "அப்ப நாங்க வேற இடம் பார்க்கிறம்" என்றார். றிஸ்லான் பதறிப்போய் என்னென்னவோ சொன்னார். அவர் திரும்பிப் பார்க்காமல் படியேறினார்.

மறுநாள் நபீஸாவைக் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் வீடு பார்க்கப் போனார். ஆரையம்பதிப் பக்கம் ஒரு சின்ன வீடு. மாதம் முப்பதாயிரம், ஒரு வருட அட்வான்ஸ். திருத்த வேலை இருப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரி அவர்களை மேலும் கீழும் பார்த்து, "இந்த வயசில சொந்தமா வீடொண்டு இல்லையா?" என்று கேட்டாள். ஊருக்கே வாடகை உபதேசம் செய்தவர், சுவரைத் தட்டிப் பார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டார்.

திரும்பும் வழியில் நபீஸாதான் பேசினாள். "நான் என்ட உம்மா தந்த வளவ விட்டு வர ஏலா. நீங்க முப்பதாயிரத்துக்கு வீரம் பேசப் போறதெண்டா போங்க. சோறு சஹ்லாட்டச் சொல்லி அனுப்பிறன்." அவர் வீதியைப் பார்த்தபடி வந்தார். "மருமகன் நல்ல பொடியன், புள்ள" என்றார். "அதுதான் எனக்குப் பயம். நல்ல ஆள்ட்ட சும்மா வாங்கிறது லேசு. அப்புறம் நிப்பாட்ட ஏலாது."

இதை உம்மாவின் வாயால் கேட்ட ஸுஹைனா அன்று பின்னேரமே படியேறி வந்தாள். கையில் வீட்டு உறுதிப் பத்திரமும் ஒரு கடதாசிக் கட்டும். பின்னால் றிஸ்லான்.

"வாப்பா, இந்த உறுதிய எழுதினது ஆரு?"

"நான்தான்."

"ஆர்ட பேர்ல?"

மர்சூக் கண்ணாடியைத் தேடினார். அது அவருடைய மூக்கிலேயே இருந்தது.

"வீடு என்ட பேர்ல இரிக்கி. இவருக்கு இதில ஒரு செங்கல்லும் இல்ல. நாலு வருசமா வீட்டுக்காரி கீழ மீன் வெட்டிட்டு இரிக்கா, நீங்க குசினியத் தாண்டிப்போய் வேற ஆளுக்கு வாடகை குடுத்திரிக்கீங்க." புருஷனைக் காட்டினாள். "இவருக்கும் எனக்கும் இடையில உள்ளத நாங்க தீர்த்துக்கொள்ளுவம். இவர் வாடகை வேணாமெண்டு சொல்ல ஆரு? எனக்கு வேணும். மாசம் இருபதாயிரம்."

றிஸ்லானின் முகத்தில் நாலு வருடத்துக்குப் பிறகு நிம்மதி தெரிந்தது.

"பதினாறு" என்றார் மர்சூக். குரல் பழையபடி கடைக்காரக் குரலாகியிருந்தது.

"பதினெட்டு. திருத்த வேலையெல்லாம் இரிக்கிற ஆள் பொறுப்பு."

"அது அநியாயம், மகள்."

"கட்டினவருக்குத்தானே எங்க எங்க களவெண்டு தெரியும்."

நபீஸா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மர்சூக் மகளை ஏற இறங்கப் பார்த்தார். முப்பது வருடம் கல்லாவில் இருந்தும், தன்னை இப்படி மடக்கிய ஒரு வாடிக்கையாளர் அவருக்கு நினைவில் வரவில்லை. அவள் பதினெட்டு என்று எழுதி நீட்டிய புது ஒப்பந்தத்தை வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து, ஒவ்வொரு வரியாக வாசித்தார். ஓரிடத்தில் கால்புள்ளி பிழை என்றார். வாடகை, திகதி, அட்வான்ஸ் இல்லை என்ற குறிப்பு, எல்லாம் சரி. காலம் என்ற இடத்தில் '2 வருடம்' என்று இருந்தது.

ஸுஹைனா சாட்சிக் கையெழுத்துக்காக உம்மாவின் பக்கம் திரும்பினாள். மர்சூக் பேனையை எடுத்து, அந்த இரண்டுக்குப் பக்கத்தில் மெதுவாக ஒரு சுழியம் போட்டு, மை காயும்வரை அதை உள்ளங்கையால் மறைத்து வைத்துக்கொண்டார்.