திருப்பூரில் இருக்கும் அப்பா

தையல்நாயகி மூலக்குளத்தில் வீட்டு வேலை செய்பவள். கணவன் சிறையில் இருப்பதை மறைத்து, திருப்பூரில் வேலை பார்ப்பதாகத் தெருவில் சொல்லி வைத்திருந்தாள். மகள் கார்குழலி ஞாயிறுதோறும் நாடகப் பயிற்சிக்குப் போவது அவளுக்குப் பிடிக்கவில்லை. அங்கே பிள்ளைகளின் வீட்டுக் கதைகளைக் கேட்டுத்தான் நாடகம் போடுகிறார்களாம்.

“வூட்டுக் கதையெல்லாம் எதுக்குடி கேக்குறாங்க?”

“நான் ஒண்ணும் சொல்லலம்மா. அவங்கவங்க கதைய அவங்களே நடிக்கக் கூடாது. மாத்திப்போம்.”

“கதைய சொல்லாமலே மாத்திக்க அது என்னா பஸ்ஸா?”

நாடகத்தன்று தெருவே கூடியிருக்க, தையல்நாயகி முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். கார்குழலி யாரோ ஒரு குடிகாரனின் மகளாக நடித்தாள். அடுத்து எதிர்வீட்டு ஹேமலதா வந்து, “எங்கப்பா திருப்பூர்ல இருக்காரு. ஜெயில்லல்லாம் இல்ல” என்றாள்.

தெருவே கைதட்டியது. தையல்நாயகி மெல்லத் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவரும் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. இவர்களுக்கு எத்தனை நாளாகத் தெரியும்?