அம்மாவின் கடிதங்களில் இல்லாத பெயர்

என் மனைவி என்னை அண்ணன் என்று கூப்பிடுகிறாள். மலாய் மொழியில் ‘அபாங்’ என்றால் அண்ணன். இங்கே புருஷனையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். கல்யாணமான புதிதில் ஒவ்வொரு முறையும் எனக்குத் தூக்கிவாரிப் போடும். ஊரில் இருக்கும் நீங்கள் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வீர்கள். எனக்குப் பழகிவிட்டது. பழகாத சங்கதி ஒன்று உண்டு, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து, மலாக்காவில் ஜாலான் பெண்டஹாரா என்ற தெருவில் துணிக்கடை ஒன்றில் வேலைக்கு நின்றவன் நான். பாத்தேக் என்னும் பூப்போட்ட சாயத்துணி வாங்க வந்த நீலம்மாவை, ஊருக்குள்ளேயே காஜா பேராங் பகுதியிலிருந்த அவள் வீட்டார் சம்மதத்தோடு கட்டிக்கொண்டேன். அவர்கள் மலாக்கா செட்டிகள். எத்தனையோ தலைமுறைக்கு முன்பு நம் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்டவர்கள். பெயர் தமிழ், சாமி மாரியம்மன், நெற்றியில் திருநீறு. வாயைத் திறந்தால் மலாய். இதையெல்லாம் அம்மாவுக்கு விளக்கி எழுதினேன். வந்த பதிலில், தம்பியின் கையெழுத்தில், அம்மாவின் கோபம் அப்படியே இருந்தது. “அந்த மலாய்க்காரியை விட்டுவிட்டு வா.”

நீலம்மா எதிரே உட்கார்ந்து, அம்மா என்ன எழுதியிருக்கிறார் என்று மலாயில் கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உள்ளதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மருமகளுக்கு ஆசீர்வாதம் சொல்லியிருக்கிறார் என்றேன். அவள் கடிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதன்பிறகு வந்த ஒவ்வொரு கடிதத்திலும் அம்மா அவளை நலம் விசாரித்தார். எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னார். தனக்கு இந்த வயதில் புளி ஒத்துக்கொள்வதில்லை என்றுகூட மருமகளிடம் குறைப்பட்டுக்கொண்டார். இல்லாத மாமியார் ஒருத்தியை நானே ஜோடித்துவிட்டேன்.

அந்த மாமியாருக்குத் தன் கையாலேயே கடிதம் எழுத வேண்டுமென்று நீலம்மாவுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. தமிழ் சொல்லிக்கொடு என்றாள். என்னவென்று மறுப்பது? சிலேட்டு வாங்கி வந்தேன். வேண்டுமென்றே மெதுவாகச் சொல்லிக்கொடுத்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ‘ங’ வரிசையிலேயே இரண்டு வாரம் ஓட்டினேன். அச்செழுத்தைத் தாண்டிக் கையெழுத்துப் பக்கம் போகவேயில்லை. அவளோ தனக்குத்தான் மந்த புத்தி என்று நினைத்து, அம்மியில் மிளகாய் அரைக்கும்போதும் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழகினாள்.

மெர்டேக்கா வந்த ஆண்டு அது. சுதந்திரக் கொடிக்குத் துணி கேட்டு எங்கள் கடையில் கூட்டம் நெரிந்தது. ஒரு நாள் மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தால், சமையல்கட்டு மேஜை முழுக்க அம்மாவின் கடிதங்கள். பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்துப் பரப்பியிருந்தாள். திருட்டுத்தனமாகப் படிக்க அல்ல. விஷயம்தான் முன்பே தெரியுமே, கையெழுத்து வாசித்துப் பழக இது வசதி என்று நினைத்திருக்கிறாள். என்னைக் கண்டதும் தமிழிலேயே கேட்டாள்.

“நீலம்மா எங்க இருக்கு? எல்லா கடுதாசியும் பாத்தாச்சு. என் பேரு ஒண்ணுலயும் இல்ல.”

“தம்பி எழுத்து கிறுக்கலா இருக்கும். உனக்குப் புரியாது.”

அவள் ஒரு வரியின் கீழே விரலை வைத்தாள். “அந்த... மலாய்... காரியை...” எழுத்துக் கூட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். “இது யாரு? நானா?”

கடிதத்தை எடுக்கப் போனேன். அவள் விரலை எடுக்கவில்லை.

“ஆசீர்வாதம் எங்க?”

“அம்மா சொல்லல. நாந்தான் சொன்னேன்.”

கடிதங்களை அடுக்கி டின்னில் வைத்து மூடினாள். “சுடாலா” என்றாள். போதும், விடு என்று அர்த்தம். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். அன்றிலிருந்து அவள் என்னிடம் ஒரு தமிழ் வார்த்தைகூடப் பேசவில்லை. வேளாவேளைக்குச் சோறு வந்தது, துவைத்து மடித்த சட்டை வந்தது, எல்லாம் மலாயில் வந்தது. இங்கே பிரஜையாவதா, ஊர் திரும்புவதா என்று கடையில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எதிலும் கலந்துகொள்ளவில்லை. அம்மாவிடம் மல்லுக்கு நின்றிருக்க வேண்டியவன், இவளிடம் பொய் சொல்லி இரண்டு பக்கமும் நல்லபிள்ளையாக இருந்துவிட்டேன். நினைத்தால் இன்றும் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

மார்கழியில் அம்மா போய்விட்டதாகத் தந்தி வந்தது. கப்பல் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் காரியமே முடிந்துவிடும். போகவில்லை. சில நாளில் போகி வந்தது. அன்று செட்டிமார் வீடுகளில் ‘பார்ச்சு’ என்று ஒரு வழக்கம். செத்துப்போனவர்களுக்கு வரிசையாக வாழையிலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைப் படைத்து, சாப்பிட அழைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அறையைச் சாத்திவிட்டு வெளியே இருப்பார்கள். நீலம்மா தன் வீட்டு முன்னோருக்கெல்லாம் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறும் காரமான மீன் சம்பாலும் வைத்து முடித்துவிட்டு, கடைசியில் இன்னொரு இலை விரித்தாள். அதில் வெள்ளைச் சோறும் புளி விடாத குழம்பும் வைத்தாள். குனிந்து நிதானமாகத் தமிழில் சொன்னாள்.

“அம்மா, நான் நீலம்மா. உங்க மருமக. வந்து சாப்பிடுங்க.”

அந்தப் புளிக் கதை நான் கட்டிவிட்டது. அது அவளுக்கும் தெரியும்.

கதவைச் சாத்தினோம். பிறகு திறந்து, மற்ற இலைகளைத் தன் வீட்டாருக்கு ஒதுக்கிவிட்டு, அந்தக் கடைசி இலையை என் முன்னால் நகர்த்தினாள். “அபாங், மாரி மாக்கான்” என்றாள். வந்து சாப்பிடுங்க என்று அம்மாவைக் கூப்பிட்ட அதே அழைப்புதான், எனக்கு மலாயில். குழம்பு சப்பென்று இருந்தது. கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டேன்.