கன்னப்பையில் தங்கிய கொயினா

அகளிச் சந்தையில் என் மக்களைக் "கொயினாத் திருடன் பிள்ளைகள்" என்று இன்றும் சிலர் சுட்டுகின்றனர். அப்பழியை முதலில் சுமத்தியவர், அது பொய்யென்று தம் கண்ணால் கண்ட பின்னும், ஊரறிய அதனைத் திரும்பப் பெறாமலே இறந்தார். ஆகவே இதனை எழுதி வைக்கிறேன்.

மலையடிவாரத்தில் குளிர்காய்ச்சலை ஆராய்ந்த சிறு ஆய்வகமொன்றில் நான் உதவியாளனாக இருந்தேன். நோயேற்றிய குரங்குகளுக்கு அக்காய்ச்சலின் மருந்தான கொயினாவைப் புகட்டும் வழி பற்றி எனக்கும் மேலாளரான மருத்துவருக்கும் பிணக்கு உண்டாயிற்று. மூக்கின் வழியே மெல்லிய குழாயை இரைப்பைவரை செலுத்தலாம், அன்றேல் அடித்தோலில் ஊசியால் ஏற்றலாம் என்றேன்.

"கடி வாங்கறது ஆருங்க, நீங்களா? பழத்துக்குள்ள மாத்திரைய வெச்சுக் குடுங்க, புலவரே. அதுக தானா முழுங்கிக்கும்" என்று மருத்துவர் எள்ளினார்.

அவ்வாறே கொடுத்தேன். குருதியில் நோய்க்கிருமிகள் குறையவில்லை. உடனே அவர் பணியாளர் அனைவரும் கேட்க, "மாத்திரை கொரங்கு வயித்துக்குப் போச்சுங்களா, சந்தைக்குப் போச்சுங்களா?" என்றார். சிலர் சிரித்தனர். தலைமை அதிகாரி வந்ததும் என்னை நீக்குவதென்று முடிவாயிற்று.

அதிகாரி வருமுன் ஒரு காலை, கிழப் பெண்குரங்கொன்று புறங்கையால் தன் கன்னத்தை அழுத்தக் கண்டேன். கன்னப்பையில் ஒதுக்கியிருந்த பழம் வாய்க்கு வந்தது. கசந்த மாத்திரையை அது துப்பிற்று. நாள்தோறும் இவ்வாறு துப்பிய மாத்திரைகள் கூண்டுக் குப்பையோடு பெருக்கப்பட்டு வந்தன. மருத்துவரிடம் உடனே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் காத்திருந்தேன், அக்காத்திருப்பு எனக்கு இனித்தது.

அதிகாரியின் முன் மருத்துவர் என் திருட்டை விரித்துரைத்து முடித்ததும், "ஐயா கையாலயே ஒருக்கா குடுக்கட்டுங்க" என்றேன். கொடுத்தார். குரங்கு பழத்தை வாய்க்குள் திணித்துக்கொண்டது.

"பாத்தீங்களாங்க?" என்று அவர் நகைத்துத் திரும்பினார்.

"கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

சற்று நேரத்தில் குரங்கு கன்னத்தை அழுத்திற்று. மாத்திரை அவர் காலணிமேல் விழுந்தது. அதிகாரி என்னை விடுத்து அவரையே நெடுநேரம் நோக்கினார்.

என் பணி நிலைத்தது. பின்னர்த் தனியே மருத்துவர் கேட்டார்: "இத எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

"நீங்களும் என்னையத் தனியாக் கேட்டிருக்கலாமுங்க."

மருந்து புகட்டும் முறையிலோ குரங்கின் இயல்பிலோ நான் பிழைபட எழுதியிருப்பின், அறிந்தோர் திருத்தியருள்க. மாத்திரை காலணிமேல் விழுந்தபோது மருத்துவர் முகம் வெளுத்ததை மட்டும் மிக அருகில் நின்று கண்டேன், அதில் பிழையில்லை.