முந்நூறைத் தொடாத எண்ணிக்கை

ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். கணினி விஷயத்தை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சிம்பாங் அம்பாட் ஊரில், வீட்டுக்குப் பின்னால் எங்களுக்குக் கோழிக் கொட்டகை இருந்தது. பக்கத்து ஊரான டுரியான் துங்காலில் இயந்திரங்களுக்கு நிரல் எழுதும் என் கடைசி மகள், கொட்டகையின் வெக்கை தணிக்கும் காற்றாடி தானாக ஓடித் தானாக ஓய ஒரு சின்னப் பெட்டி செய்து தந்தாள். ஓய்வு இருநூறு விநாடி.

"இந்தச் சிப்புல இடம் கம்மிம்மா. எந்த எண்ணுக்கு எவ்வளவு இடம்னு நாமதான் பாத்துக் கொடுக்கணும். விநாடி எண்ண ஒரு பைட் போதும். இருநூத்தம்பத்தஞ்சு வரைக்கும் கொள்ளும்."

"போதும்னா போதும். பெருசா எடுத்து ஏன் வீணாக்கணும்?" என்றேன். மீந்த குழம்புக்கு அளவான கிண்ணம் தேடியே தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவள் நான்.

"உங்க மகதானே லா!" என்று சிரித்தாள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. குஞ்சுகள் நடுங்கின. அவள் அப்பாவிடம் சொல்லாமல், "காத்தாடி இன்னும் கொஞ்சம் ஓயட்டுமே" என்று அவளிடம் கேட்டேன். சனிக்கிழமை வந்து முந்நூறு விநாடி என்று மாற்றினாள்.

"அஞ்சு நிமிஷம் இருந்து பாத்துட்டுப் போறேம்மா."

"மழை வருது, இருட்டுறதுக்குள்ள கெளம்பு" என்று விரட்டினேன்.

ஞாயிறு காலையிலும் தூறல். கித்தான் படுதாவை இறக்கிவிட்டு நானும் அவள் அப்பாவும் தேவாலயத்துக்குப் பூசைக்குப் போனோம். திரும்பும்போது வெயில் கொளுத்தியது. காற்றாடி நின்றுகொண்டிருந்தது. கொட்டகையில் சத்தமே இல்லை.

கூப்பிட்டதும் ஓடி வந்த மகள், மடிக்கணினியைப் பெட்டியில் மாட்டிப் பார்த்தாள். "இருநூத்தம்பத்தஞ்சுக்கு அப்புறம் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பிடுதும்மா. முந்நூறு வரவே வராது, காத்தாடி மறுபடி ஓடாது. ரெண்டு பைட் எடுத்திருக்கணும்."

"நல்லா ஓடினத யாரு நோண்டச் சொன்னது?" என்று அவள் அப்பா கத்தினார்.

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். நான் செத்த கோழிகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை.

"நானாத்தான்பா செஞ்சேன்."

அதன்பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருகிறாள், அரை நாள். அப்பா எதிரில் உட்காருவதில்லை.

போன வாரம் சோறு போடும்போது அவரிடம் சொல்லிவிட்டேன். மாற்றச் சொன்னது நான், விரட்டியதும் நான். அவர் கை தட்டிலேயே நின்றது.

"இப்பச் சொல்றியா?" என்றார். கைப்பேசியை என் பக்கம் தள்ளினார். "எங்கிட்டச் சொல்லி என்ன, அவகிட்ட மன்னிப்புக் கேளு."

அழைத்தேன்.

"என்னம்மா, சாப்டீங்களா?"

"சாப்டேன்மா" என்றேன். அதற்குமேல் எனக்கு வரவில்லை.