முத்துப்பேட்டைக் காயலில் நான் தட்டிய கை

பல வருஷம் இழுத்த குத்தகை வழக்கு ஒருவழியாக முடிந்தது. அந்த நிம்மதியில் நானும் மனைவியும் திருவையாற்றிலிருந்து முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போனோம். அங்கே பறவை பார்க்க வருகிறவர்களுக்காக மீனவக் குடும்பங்களே சேர்ந்து ஒரு முகாம் நடத்துகிறார்கள். முகாமைச் சேர்ந்த வேதவள்ளி எங்களையும் கும்பகோணத்து பாய் குடும்பம் ஒன்றையும் படகில் கூட்டிப்போனார்.

காயல் நிறையக் காட்டு வாத்துகள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். திடீரென்று ஒரு கூட்டம் எழும்பி, எங்கள் பக்கமாக இறங்க வந்தது. விதைத்த வயலில் வாத்து விரட்டியே பழகிய நான், என்னையறியாமல் கை தட்டி, "ஓ... ஹோய்!" என்று கத்திவிட்டேன். காயலே காலியாகிவிட்டது.

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்குத் தண்ணீரில் குதித்துவிடலாம் போலிருந்தது.

வேதவள்ளிதான் சிரித்தார். "ஐயா விவசாயிங்களா? பரவாயில்லைங்க, சத்தம் போடாம இருந்தா திரும்பி வரும். அம்மா, நீங்க அவர் கையைப் பிடிச்சுக்குங்க."

மனைவி என் இரண்டு கைகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்தன்று பிடித்ததற்குப் பிறகு, நாலு பேர் முன்னால் அவள் என் கையைப் பிடித்தது அன்றுதான்.

வாத்துகள் திரும்பி வந்தன என்று பாய் சொன்னார். நான் சரியாகப் பார்க்கவில்லை. படகு கரை சேர்ந்த பிறகும் அவள் கையை விடவில்லை.