முதல் பெஞ்சுக்கு ஒரு சண்டை

என் மகள் படிக்கும் பள்ளியில் மாதத் தேர்வு முடிந்ததும் இடம் மாற்றுவார்கள். நிறைய மார்க் எடுத்தவர்களுக்கு முதல் பெஞ்ச். மார்க் குறையக் குறைய பின்னால். ஆறாம் வகுப்பில் அவளுக்குக் கிடைத்தது கடைசி பெஞ்ச், அதுவும் சாலையைப் பார்த்த ஜன்னலோரம். வெளியே ஒரு காய்கறி வண்டி போனால் அவள் கண்ணும் அதோடு தெருமுனை வரை போய்விட்டுத்தான் திரும்பும். கவனம் நிற்காத பிள்ளையை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, ‘பாடத்தைக் கவனிப்பதில்லை’ என்று டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்புவார்கள். கையெழுத்துப் போடும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் மக்கு இல்லை. ஒருமுறை கேட்ட கதையை ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்வாள். ஆனால் புத்தகத்தை எடு, பக்கத்தைத் திற, கேள்வியை எழுது என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் போச்சு. பையைத் திறந்தவள் எதற்குத் திறந்தோம் என்பதை மறந்து டிபன் பாக்ஸைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

தில்லை நகரில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனோம். பொறுமையாகச் சோதித்துவிட்டு, இது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை, கவனத்தைப் பிடித்துவைப்பதில் மூளைக்கு இருக்கும் சிரமம் என்றார். “ஸ்கூல்ல முன்னாடி உக்கார வைக்கச் சொல்லுங்க. ஒரு நேரத்துல ஒரு வேலை மட்டும் சொல்லச் சொல்லுங்க. பாதி சரியாயிடும்.”

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் இது பேச்சானதும் நாத்தனார் வந்தாள். மனநிலை சரியில்லாதவர்களைக் குணசீலம் கோயிலில் தங்கவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். “ஒரு மண்டலம் அங்க தங்க வைங்க அண்ணி, பெருமாள் பாத்துப்பார்” என்றாள். பெருமாள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் பெஞ்சை மாற்ற வேண்டியவர் அவரில்லையே!

வகுப்பு ஆசிரியையிடம் போனேன்.

“முதல் பெஞ்ச் மார்க் எடுக்கிற பிள்ளைங்களுக்குங்க” என்றார். “உங்க பொண்ணுக்குக் குடுத்தா, எழுந்திரிக்கிற பிள்ளையோட அம்மா நாளைக்கு என்கிட்ட வந்து நிப்பாங்க.”

“அந்தப் பிள்ளை எங்க உக்காந்தாலும் மார்க் எடுக்கும் மிஸ். என் பொண்ணுக்குத்தான் அந்த இடம் வேணும்.”

“அவளும் எடுக்கட்டும். தானா முன்னாடி வந்துடுவா.”

நடக்க முடியாதவனிடம், மாடியேறி வா, ஊன்றுகோல் தருகிறேன் என்பதைப் போல இருந்தது. இதைச் சிரித்துக்கொண்டே வேறு சொன்னார். பிள்ளைகளில் ஒன்றுக்கு வெண்ணெய், ஒன்றுக்குச் சுண்ணாம்பு என்று வைத்துக்கொண்டு, அதற்கு ஒழுங்கு என்று பெயரும் வைத்திருக்கிறார்கள்.

விடாமல் தலைமையாசிரியையைப் போய்ப் பார்த்தேன். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தபடியே கேட்டார். “முன்னாடிதானே வேணும்? நாளைலேருந்து உக்காருவா. நான் சொல்லிடறேன், போயிட்டு வாங்க.” நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தக் கும்பிடை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் சாயங்காலம் மகள் வந்ததும் வராததுமாகக் கேட்டேன். “முன்னாடி உக்காந்தியா?”

“ஆமாம்மா. மிஸ் டேபிளுக்குப் பக்கத்துல.”

“அங்க ஏது பெஞ்ச்?”

“பெஞ்ச் இல்லம்மா. தரையில.”

திருப்பி நிறுத்திப் பார்த்தேன். பாவாடையின் பின்பக்கம் முழுக்கச் சாக்பீஸ் தூள். அறுபது ஜோடிக் கண்ணுக்கு முன்னால், தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி, நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள்.

“எல்லாரும் சிரிச்சாங்களா?”

“கொஞ்சம் சிரிச்சாங்க. ஆனா மிஸ் சொன்னது எல்லாம் கேட்டுச்சும்மா. கணக்கு முழுசா முடிச்சிட்டேன், பாரேன்.” நோட்டை நீட்டினாள். உண்மைதான், எல்லாவற்றையும் முடித்திருந்தாள். “நான் அங்கயே உக்காந்துக்கறேம்மா. எனக்கு ஒண்ணும் இல்ல.”

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பாடம் காதில் விழ வேண்டுமென்றால் அவமானத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் என் பிள்ளைக்கு ஒரே நாளில் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். அதை அவள் ஒரே தடவையில் கற்றுக்கொண்டும் விட்டாள்.

அடுத்த நாள் காலை, வீட்டிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை ஸ்கூட்டியில் முன்னால் வைத்துக் கட்டி, மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு காவிரிப் பாலத்தைக் கடந்தேன். வாட்ச்மேன் கூப்பிடக் கூப்பிட நிற்காமல் வகுப்புக்குள் போய், ஆசிரியையின் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டேன்.

“இதுக்கெல்லாம் பர்மிஷன் இல்லைங்க” என்றார் அவர்.

“தரையில உக்கார வெச்சீங்களே, அதுக்கு யாருகிட்ட பர்மிஷன் வாங்கினீங்க?”

வகுப்பே என்னைப் பார்த்தது. என் மகள் மட்டும் தலை குனிந்துகொண்டு, பையை மார்போடு அணைத்தபடி, பழையபடி தரையில் உட்காரப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“மேல உக்காரு” என்றேன்.