வெளுத்த குதிரைக்குப் பவுடர்

குதிரையின் வியர்வையில் முகப்பவுடர் கரைந்தால் ஒரு வாசனை வரும். புளித்த மாவும் ரோஜாப்பூவும் கலந்த மாதிரி, குமட்டிக்கொண்டு வரும், மூக்கைப் பொத்தினாலும் போகாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இப்போது வரிசையாக நிற்கிற கல்யாண மண்டபங்களில் எதன் வாசலிலாவது ஜரிகை போர்த்திய குதிரை நின்றால், நான் மாப்பிள்ளையைப் பார்ப்பதில்லை, குதிரையின் வயிற்றைத்தான் பார்ப்பேன். பார்த்ததுமே கோபம் மண்டைக்கு ஏறும். யார்மேல் கோபம் என்று கேட்டால் முதலில் ஊரார்மேல் என்றுதான் சொல்வேன். கொஞ்சம் பொறுங்கள், மிச்சத்தையும் சொல்கிறேன்.

எங்கள் வீடு மாமல்லபுரத்துக்குச் சற்று வெளியே, சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது. அப்பாவை நாங்கள் ‘நைனா’ என்போம். ரேசில் ஓடவைத்து, வேகம் குறைந்ததும் கழித்துவிட்ட ஒரு குதிரையை அவர் சென்னையிலிருந்து வாங்கி வந்து, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுக் கட்டினார். அப்போது எனக்கு ஒன்பது வயது. சுல்தான் என்று பெயர். பகலில் கடற்கரைக்கு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு ‘ஒரு ரவுண்டு’, முகூர்த்த நாளில் ‘குட்டியானை’ சரக்கு வண்டியில் ஏறிப் போய் மாப்பிள்ளை அழைப்பு. அவ்வளவுதான் அதன் பிழைப்பும் எங்கள் பிழைப்பும்.

சுல்தான் சாம்பல் நிறம். கல்யாணக்காரர்களுக்கோ வெள்ளைக் குதிரைதான் வேண்டும், போட்டோவில் பளிச்சென்று விழ வேண்டுமாம். பெண் கறுப்பாக இருந்தால் மாவை அப்புகிற கூட்டம் குதிரையை மட்டும் விட்டுவைக்குமா? “சாம்பக் குதிர வயசாவ வயசாவத் தானா வெளுத்துகினு வரும், பொறுங்க” என்று நைனா சொல்லிப் பார்த்தார், யாரும் பொறுக்கவில்லை. அதனால் கழுத்துக்கும் தொடைக்கும் டப்பா டப்பாவாக முகப்பவுடர் பூசி அனுப்பினோம். பூசுவது என் வேலை.

இன்னொரு வேலையும் என்னுடையதுதான். கடற்கரையில் ஓடி முடித்ததும் சூடு ஆறக் குதிரையைக் கடலில் இறக்குவார்கள். அந்த உப்பைக் காயவிட்டு, மறுநாள் அதன்மேல் சேணத்தின் வயிற்று வாரை இழுத்துக் கட்டினால், வார் அரம் மாதிரி தோலை அறுக்கும். ஆகவே விடிகாலையில், வார் கட்டுவதற்கு முன், நல்ல தண்ணீரில் கழுவியாக வேண்டும். “ஆறு கொடம். அதுல ரெண்டு வயித்துக்கு மட்டும். எத மறந்தாலும் அத மறந்துடாத” என்பார் நைனா. நல்ல தண்ணீர் தெருக்குழாயில் விடிகாலை ஒரு மணி நேரம் சொட்டும். எங்கள் கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சொகுசு விடுதி. அங்கே நீச்சல்குளத்துக்கு லாரி லாரியாகத் தண்ணீர் இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் நான் குடத்தோடு வரிசையில் நிற்பேன். இப்போது நினைத்தாலும் அந்தச் சுவரை எட்டி உதைக்கத் தோன்றுகிறது.

ஆனால் பழியெல்லாம் அந்தச் சுவருக்குப் போகாது. கடற்கரை வெறிச்சென்று கிடப்பதும் அதே ஒரு மணி நேரம்தான். சேணம் இல்லாமல், வெறும் முதுகில், பிடரியைப் பற்றிக்கொண்டு ஈர மணலில் சுல்தானை விரட்டுகிற சுகம் ஒருமுறை தொற்றிவிட்டால் குடமாவது குழாயாவது! பதின்மூன்று வயதில் ஆறு குடத்தை மூன்றாக்கினேன், பிறகு இரண்டாக்கினேன். கண்ணுக்குத் தெரிகிற முதுகையும் கழுத்தையும் மட்டும் கழுவினேன். “ஆறும் ஊத்திட்டியாம்மா?” என்று நைனா கேட்டால் கூசாமல் தலையாட்டினேன். அவரும் நம்பினார், பாவி மனுஷன்.

அந்த வருஷத்துக்குள் சுல்தான் முழுக்க வெளுத்துவிட்டது. நைனா சொன்னபடியே, தானாக. இனிமேல் பவுடர் வேண்டாம் என்று டப்பாவைப் பரண்மேல் போட்டுவிட்டார். நான்தான் அதைத் திரும்ப எடுத்தேன். வார் அழுந்துகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக, நீர் கோத்துக்கொண்டு ஒரு புண். நைனாவிடம் காட்டினால் குதிரையை நிறுத்திவிடுவார், என் சவாரியையும் நிறுத்திவிடுவார். அதனால் புண்ணின்மேல் பவுடரைக் கொட்டி, சுற்றியிருந்த வெள்ளையோடு வெள்ளையாக்கினேன்.

மறுநாள் சாயங்காலம் திருவிடந்தையில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளை நல்ல கனம், அதனால் வாரை இன்னும் இரண்டு துளை இறுக்கினார் நைனா. பேண்டு முழங்கியதும் மாப்பிள்ளை மேலே உட்கார்ந்து ஆட ஆரம்பித்தார். சுல்தான் முன்னங்காலைத் தூக்கிவிட்டது. தலைப்பாகை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். பெரிய அடி ஒன்றுமில்லை. ஆனால் கோட்டுப் போட்ட கனவான்கள் டிரம் அடிக்கிற குச்சியைப் பிடுங்கிக் குதிரையின் முகத்தில் அடித்தார்கள், நைனா எல்லார் காலிலும் விழாத குறையாகக் கும்பிட்டார். எங்களுக்கு ஆர்டர் பிடித்துக்கொடுக்கிற சேகர், “அண்ணாத்த, ரேசுல ஓடி மூள கலங்கினது இது. எவனயாவது கொன்னுட்டு உன் தலையில வுடும். தள்ளிவுட்டுடு” என்றான். அத்தனை பேரில் ஒருத்தருக்காவது, ஒரே ஒருத்தருக்காவது, அந்த வாரைத் தூக்கிப் பார்க்கத் தோன்றியதா?

கும்பிட்டுக்கொண்டிருந்த நைனா திரும்பி வருவதற்குள் நானே வாரை அவிழ்த்து, கரைந்த பவுடரைத் துடைத்து, ஒளித்துக் கொண்டுவந்திருந்த டப்பாவிலிருந்து புதிதாக அப்பிவிட்டேன். “வயித்துல எதனா கீதா, பாத்தியா?” என்று கேட்டார். “ஒண்ணும் இல்ல நைனா” என்றேன்.

அந்த வாரத்திலேயே செங்கல்பட்டுப் பக்கம் யாரோ ஒருவருக்குச் சுல்தானைக் கொடுத்துவிட்டார். வண்டியில் ஏறும்போது அது ஒரு முரண்டும் பிடிக்கவில்லை. மூளை கலங்கிய குதிரை இப்படியா ஏறும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, வாயைத் திறக்கவில்லை. அதன்பின் அது எங்கே போனது, உயிரோடு இருந்ததா என்று எங்களுக்குத் தெரியவே இல்லை. வேறு குதிரை வாங்க நைனாவுக்கு மனமில்லை, ஆட்டோ ஓட்டப் போய்விட்டார்.

போன ஆவணியில் என் தம்பிக்குக் கல்யாணம். வீடியோவுக்காகக் குதிரை வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். மண்டப வாசலில் வெள்ளைக் குதிரை வந்து நின்றது, பட்டுப் புடவையோடு குனிந்து வாருக்கு அடியில் விரலை விட்டேன். விரல் ஈரமாக, வெள்ளையாக வந்தது. அதே நாற்றம். வாரை அவிழ்த்துச் சேணத்தைக் கீழே தள்ளினேன். “அக்கா, இன்னா பண்றீங்க!” என்று குதிரைக்காரர் பதற, “நல்ல நாளும் அதுவுமா இவளுக்கு இன்னா வந்துச்சு” என்று சொந்தக்காரர்கள் கத்த, “கால் இருக்குதுல்ல, நடந்து போடா!” என்று தம்பியிடம் சீறினேன். பேண்டே நின்றுபோனது.

நைனா மெதுவாக வந்தார். குதிரையின் புண்ணைப் பார்த்தார். பிறகு என் விரலைப் பார்த்தார்.

“அன்னிக்கும் இருந்துச்சா?”

“இருந்துச்சு நைனா.”

என்னை அடித்திருக்கலாம். வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கலாம். “மூள கலங்கினதுன்னு நானே என் வாயால சொல்லிக் குட்த்தேன்மா” என்றார், அவ்வளவுதான். அன்றைக்கு அவர் பந்தியில் உட்காரவில்லை.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது பக்கத்து விடுதியின் கார்கள் நிற்கின்றன. நான் குதிரை விரட்டிய மணலைக் கடல் தின்றுவிட்டது, மிச்சத்தில் கல்லைக் கொட்டியிருக்கிறார்கள். தெருக்குழாய் போய், வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வருகிறது. திருகினால் ஆறு குடம் என்ன, அறுபது குடம் கொட்டும். விடிகாலையில் அந்தச் சத்தம் கேட்டால் நைனா எழுந்து வந்து குழாயை மூடிவிட்டுப் போகிறார்.